ஐந்து புள்ளிகளும் கொஞ்சம் பற்றாசும்: ஸ்டீல் சைக்கிள் பிரேம் கையால் எப்படி உருவாகிறது

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் போன மாதம் நடந்த வாக்குவாதம்தான் இதை எழுதக் காரணம். ஒருவர் தன் கைபேசியில் ஒரு சைக்கிள் படத்தைக் காட்டினார். வெளிநாட்டில் யாரோ ஒரு கைவினைஞர், வாங்குபவரின் உடம்பை அளவெடுத்து, ஸ்டீல் குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பொருத்திச் செய்த பிரேம். விலையைச் சொன்னதும் மேசையில் இருந்தவர்களுக்குப் பிளேன்டீ புரையேறியது.

"நாலு பைப்ப வெட்டி வெல்டிங் அடிக்கிறதுக்கா இவ்வளவு காசு? நம்ம கேட் அடிக்கிற அண்ணன்கிட்ட குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிருவாரு" என்றார் ஒருவர். "ஸ்டீல்னாலே பாரம், அந்தக் காலத்துச் சாமான்" என்றார் அடுத்தவர். மூன்றாவது ஆள் படம் பார்த்து விஷயம் தெரிந்தவர் போல, "இல்ல இல்ல, ஸ்டீல்தான் மெத்தை மாதிரி போகும், குலுங்கவே குலுங்காது" என்றார். மூன்று பேரும் சத்தமாகப் பேசினார்கள், மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. நான் வாயைத் திறந்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது.

முதல் ஆள் சொன்னதை நானும் ஒரு காலத்தில் நம்பினவன்தான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய், வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். முன்பக்கம், ஹேண்டில் போய்ச் சேரும் இடத்துக்குக் கீழே, குழாயில் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தது. டவுனில் ஒரு பட்டறையில் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் வெல்டிங் அடித்துத் தந்தார்கள், பார்க்க மலை மாதிரி பலமாக இருந்தது. ஆறு வாரத்தில், ஒரு இறக்கத்தில், வெல்டிங் அப்படியே இருக்க, அதற்கு ஒரு விரல் தள்ளிக் குழாய் முறிந்தது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஏன் வெல்டிங் முறியாமல் பக்கத்தில் முறிந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வேலைக்குள் விழுந்தேன். இதுவரை நானே இரண்டு பிரேம் செய்திருக்கிறேன். முதலாவதின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரேம் என்றால் குழாய்கள் இல்லை, புள்ளிகள்

தீபாவளிக்குச் சட்டை எடுக்கிறோம். கடையில் தொங்குவதை வாங்கலாம், அது 'மீடியம்' என்ற ஒரு கற்பனை மனிதனுக்காகத் தைத்தது. இல்லையென்றால் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுக்கலாம், அவர் நாடாவை எடுத்துத் தோளையும் கையையும் அளப்பார். துணி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், வித்தியாசம் அளவில்தான். அளவெடுத்துச் செய்யும் பிரேமும் இப்படித்தான்.

ஆனால் சைக்கிளில் எதை அளப்பது? ஒரு சைக்கிளில் உங்கள் உடம்பு மூன்று இடத்தில்தான் தொடுகிறது: பெடல், சீட்டு, ஹேண்டில். சைக்கிள் நிலத்தோடு இரண்டு இடத்தில் சேர்கிறது: முன்சக்கரம், பின்சக்கரம். ஆக மொத்தம் ஐந்து புள்ளிகள். இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பிரேம் வடிவமைப்பு. குழாய்கள் அந்தப் புள்ளிகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கோடுகள், அவ்வளவுதான். ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் இங்கிலாந்தில் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு சில வருஷங்களிலேயே இந்தப் பழக்கமான வைர வடிவம் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு வடிவம் பெரிதாக மாறவில்லை, மாறிக்கொண்டே இருப்பது புள்ளிகளுக்கு இடையிலான மில்லிமீற்றர்கள்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். சுவரோடு சாய்ந்து வெறுங்காலில் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் காலிடுக்கில், சைக்கிள் சீட்டு போல மேலே அழுத்திப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை உள்ளதுதான் காலின் உள்நீளம். அதை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு ஆரம்பக் கணக்கு கிடைக்கும். 75 சென்ரிமீற்றர் என்றால் ஏறக்குறைய 66. இது வேதவாக்கு இல்லை, தொடங்கும் இடம் மட்டும்.

உயரம் குறைந்தவர்களுக்குத்தான் இந்த விஷயம் அதிகம் வலிக்கும். தொழிற்சாலைச் சைக்கிள்களில் சின்ன அளவு என்பது பெரும்பாலும் நடுத்தர அளவைக் கழுத்தைப் பிடித்து நெருக்கியது. சக்கரம் அதே பெரிய சக்கரம், இடம் மட்டும் குறைந்துவிடும். அதனால் மெதுவாகத் திரும்பும்போது பெடலில் உள்ள கால் முன்சக்கரத்தில் இடிக்கும். எங்கள் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில், ஏற்றத்தில், நடந்து போகிற வேகத்தில் திரும்பும்போது கால் சக்கரத்தில் சிக்கினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கையால் செய்பவர் சக்கரத்தையே சின்னதாகத் தேர்ந்தெடுத்து, முன்பக்கத்தை அதற்கேற்ப வரைந்து, இதை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுவார்.

இரண்டு பாகை என்ன செய்யும்?

இந்த ஐந்து புள்ளிகளில் எனக்கு மிகவும் பிடித்தது முன்சக்கரம். சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானாகச் சுழன்று அந்தத் திசைக்குப் பின்னால் வந்து நிற்கும். காரணம், சக்கரம் நிலத்தைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. பின்னால் இழுபடும் எதுவும் நேராக வரப் பார்க்கும், கயிற்றில் கட்டி இழுக்கும் பொம்மை போல.

சைக்கிளிலும் அதேதான். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையில் நேராக நிலம்வரை நீட்டினால் அது ஒரு இடத்தில் தொடும், டயர் அதற்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் தொடும். இந்த இடைவெளிக்கு 'ட்ரெயில்' என்று பெயர். கூடினால் வேகத்தில் சைக்கிள் நேராகப் போக விரும்பும், ஆனால் மெதுவாக ஏறும்போது ஹேண்டில் சோம்பேறித்தனமாகத் தொங்கும். குறைந்தால் சொன்ன உடனே திரும்பும், இறக்கத்தில் பதற்றமாக இருக்கும்.

கணக்கு ஒன்று பார்க்கலாம். வழக்கமான பெரிய சக்கரம், அரைவிட்டம் 336 மில்லிமீற்றர், முன் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, 45 மில்லிமீற்றர் முன்னால் வளைந்திருக்கிறது என்று வையுங்கள். தலைக்குழாய், அதாவது ஹேண்டில் தண்டு உள்ளே போகும் முன்பக்கக் குட்டைக் குழாய், நிலத்தோடு 73 பாகைச் சாய்வில் இருந்தால் ட்ரெயில் ஏறக்குறைய 56 மில்லிமீற்றர். அதே சாய்வை 71 பாகை ஆக்கினால் 68 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பாகை, ட்ரெயிலை 12 மில்லிமீற்றர் மாற்றிவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை பக்கமாக ஏ5 வீதியில் இறங்குகிறவருக்கும், மன்னாரில் தட்டையான வீதியில் ஓட்டுகிறவருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பது இப்போது புரியும். வாங்குபவரிடம் கைவினைஞர் முதலில் கேட்கும் கேள்வி நிறம் இல்லை, "எந்த ரோட்டில் ஓட்டுவீங்க?" என்பதுதான்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவு: அளவெடுத்த பிரேம் என்றால் இந்த ஆளுக்காக, இந்த வீதிக்காக, ஐந்து புள்ளிகளை இடம் பார்த்து வைப்பது. இன்னும் ஒரு குழாயைக்கூட நாம் வெட்டவில்லை, நெருப்பும் மூட்டவில்லை. கேட் அடிக்கிற அண்ணன் திறமைசாலிதான், ஆனால் இந்தப் பாதி வேலை அவருடைய வேலையே இல்லை.

ஸ்டீல் பாரமா?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், எல்லாக் குழப்பமும் இதில்தான். ஒன்று விறைப்பு: அழுத்தினால் எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது. மற்றது பலம்: எவ்வளவு அழுத்தினால் நிரந்தரமாகக் கோணும் அல்லது முறியும் என்பது. பிரம்பு பலம் கூடியது, விறைப்பு குறைந்தது. பிஸ்கட் விறைப்பு உள்ளது, பலம் இல்லை.

ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், கேட் செய்யும் சாதாரண இரும்பும், விலை கூடிய சைக்கிள் ஸ்டீலும் விறைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே அளவுக் குழாய் இரண்டை எடுத்து வளைத்தால் இரண்டும் ஒரே மாதிரி வளையும். வித்தியாசம் பலத்தில். 4130 எனப்படும் குரோம்-மொலிப்டினம் கலந்த ஸ்டீல் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும், வெப்பப் பதப்படுத்திய சில வகைகள் அதைவிடவும் தாங்கும். பலம் கூடினால் என்ன லாபம்? குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். 28.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழாயில், சுவர் 1.6 மில்லிமீற்றர் என்றால் ஒரு மீற்றர் குழாய் ஒரு கிலோவைத் தாண்டும். சுவர் 0.6 ஆனால் அதே மீற்றர் 415 கிராம்தான். ஆக, "ஸ்டீல் பாரம்" என்பவர் மலிவு ஸ்டீலைத் தூக்கிப் பார்த்தவர். நல்ல குழாயில் செய்த பிரேம் இரண்டு கிலோவை ஒட்டி வரும்.

ஆனால் சுவர் எல்லா இடத்திலும் மெல்லியதாக இருக்க முடியாது. பாடசாலைப் பையைப் பாருங்கள், வார் சேரும் இடத்தில் மட்டும் துணி இரட்டை. அங்கேதான் இழுவை. குழாயிலும் முனைகள்தான் இணையும் இடம், சூடு படும் இடம், அழுத்தம் சேரும் இடம். எனவே முனையில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாயை இழுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே விட்டம், வித்தியாசம் உள்ளே. இதற்கு 'பட்டட்' குழாய் என்று பெயர். முனையில் 0.9, நடுவில் 0.6, மறுமுனையில் 0.9 என்பது பழக்கமான ஒரு அளவு. பர்மிங்ஹாமில் ஆணி செய்துவந்த ரெனால்ட்ஸ் குடும்பம் 1897 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தது. அவர்களுடைய 531 என்ற பேர்போன குழாய் 1935 இல் வந்தது. இத்தாலியில் கொலம்பஸ் 1919 இல் தொடங்கியது. இந்த இரண்டு பெயர்களும் இன்றைக்கும் ஸ்டீல் பிரேம்களின் ஸ்டிக்கரில் இருக்கும்.

விறைப்பு வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்ட வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டினால் போதும். சுவர்த் தடிப்பு மாறாமல் 28.6 இலிருந்து 31.8 மில்லிமீற்றருக்குப் போனால் எடை நூற்றுக்கு 11 கூடும், விறைப்பு நூற்றுக்கு 38 கூடும். எண்பது கிலோ ஆளுக்கும் ஐம்பது கிலோ ஆளுக்கும் வேறு வேறு குழாய் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

மெத்தை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். வைர வடிவத்தில் முக்கோணங்கள் இருக்கின்றன, முக்கோணம் மேலும் கீழுமாக அமுங்காது. லயத்துக்கு ஏறும் கல் ரோட்டில் உங்கள் முதுகைக் காப்பாற்றுவது டயர்தான். இப்போதிருப்பதைவிடப் பத்து மில்லிமீற்றர் அகலம் கூடிய டயரைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஸ்டீலா அலுமினியமா என்ற சண்டையே மறந்துபோகும். கையால் செய்பவர் இதில் உதவும் இடம் வேறு, அகலமான டயர் நுழைய இடம்விட்டு பின் குழாய்களை வைப்பார்.

'அந்தக் காலத்துச் சாமான்' என்ற நண்பருக்கு ஒரு வரி. ஜப்பானில் 1948 இல் தொடங்கிய கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில், யார் வெல்வார் என்று மக்கள் பணம் கட்டிப் பார்க்கும் பந்தயத்தில், ஆண்கள் இன்றும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளில் செய்த ஸ்டீல் பிரேமில்தான் ஓடுகிறார்கள். எல்லாருக்கும் சாமான் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி அது.

மீன்வாய்

ஒரு உருண்டைக் குழாயின் முனையை நேராக வெட்டி இன்னொரு உருண்டைக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் முட்டும், மற்ற இடமெல்லாம் வெளிச்சம் தெரியும். முழுவதும் ஒட்டி உட்கார வேண்டுமென்றால் முனையை மீனின் திறந்த வாய் போல வளைவாக வெட்ட வேண்டும். பெரிய பட்டறையில் இதற்கு இயந்திரம் உண்டு. கையால் செய்பவர்கள் பலர் காகிதத்தில் அந்த வளைவை வரைந்து, குழாயில் சுற்றி ஒட்டி, கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை அரை வட்ட அரத்தால் ராவுவார்கள்.

ராவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வைத்துப் பார்ப்பது, கழற்றுவது, இரண்டு இழுப்பு ராவுவது, மறுபடி வைத்துப் பார்ப்பது. கொஞ்சம் அதிகம் ராவிவிட்டால் குழாய் குட்டையாகிவிடும், குழாய் குட்டையானால் ஐந்து புள்ளிகளில் ஒன்று நகர்ந்துவிடும். என் இரண்டாவது பிரேமில் மொத்த நேரத்தில் பெரும்பகுதி அரத்தோடுதான் போனது, நெருப்போடு இருந்தது ஒரு நாள்கூட இல்லை. வீட்டில் கேட்பார்கள், "இன்னுமா தேய்க்கிறாய்?" என்று.

இடைவெளியை அப்படியே விட்டு உருகிய உலோகத்தால் நிரப்பிவிட முடியாதா என்றால், முடியும், கேட்டில் அதைத்தான் செய்வார்கள். பிரேமில் ஏன் கூடாது என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

தட்டார் செய்வதும் வெல்டரின் வேலையும்

இணைப்பு எல்லாவற்றையும் நாம் வெல்டிங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழில் வேறு சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பற்றாசு.

நகை செய்யும் தட்டாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டில் திருகாணித் தண்டு சேர்க்க அவர் தோட்டை உருக்க மாட்டார். பொன்னைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் உருகும் பற்றாசைச் சின்னத் துண்டாக வைத்து, வெண்காரம் பூசி, ஊதுகுழலால் சூடாக்குவார். பற்றாசு உருகி இடுக்குக்குள் ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். பொன் அப்படியே இருக்கும். சைக்கிள் பிரேமிலும் இதே வேலைதான், பெரிய அளவில். ஆங்கிலப் பெயர் பிரேசிங். பொன்னுக்குப் பதில் ஸ்டீல், ஊதுகுழலுக்குப் பதில் ஒட்சிசனும் அசற்றலீனும் எரியும் டோர்ச்.

வெல்டிங் என்றால் இரண்டு துண்டுகளின் விளிம்புகளையே உருக்கி ஒன்றாகக் கலப்பது. ஸ்டீல் உருக ஏறக்குறைய 1,450 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். பித்தளைப் பற்றாசு 900 பாகை அளவில் உருகிவிடும், வெள்ளி கலந்தது 650 பாகை அளவிலேயே. இந்தச் சூட்டில் ஸ்டீல் சிவக்கும், உருகாது.

பற்றாசு இடுக்குக்குள் தானாக ஓடுவது எப்படி? கரண்ட் வராத காலத்தில் லயத்தில் எரிந்த குப்பி விளக்கை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயை யாரும் மேலே தூக்கிவிடுவதில்லை, திரியின் நூல்களுக்கு இடையிலான குறுகிய இடைவெளி அதைத் தானே இழுத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் நுண்துளை ஏற்றம். உருகிய பற்றாசும் சூடான, சுத்தமான இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையில் இப்படியே இழுபடும், புவியீர்ப்புக்கு எதிராக மேலேகூட ஏறும். நிபந்தனை இரண்டு. இடைவெளி மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும், கூடினால் இழுக்காது. மீன்வாய்க்கு அவ்வளவு நேரம் செலவழித்தது இதற்காகவும்தான். அடுத்தது, பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். சூடான ஸ்டீல் காற்றில் உடனே கறுத்துப் படலம் பிடிக்கும். அதைக் கரைத்து, காற்றையும் தடுக்கும் பசைதான் 'ஃப்ளக்ஸ்', தட்டாரின் வெண்காரத்துக்குத் தம்பி.

"ஒட்டினது வெல்டிங் அளவு தாங்குமா?" என்று கேட்பார்கள். பழைய கடித உறையைப் பிரித்துப் பாருங்கள். பசையை அகலமாகத் தடவியிருந்தால் பசை விடாது, காகிதம்தான் கிழியும். பசையின் பலத்தைவிட, எவ்வளவு பரப்பில் எவ்வளவு மெல்லியதாகப் படர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. இதற்காகவே பழைய பிரேம்களில் குழாய் முனைகள் ஒரு உறைக்குள் நுழையும். அந்த உறைக்கு 'லக்' என்று பெயர். உங்கள் தாத்தாவின் சைக்கிளில் பாரும் தலைக்குழாயும் சேரும் இடத்தில் ஒரு தடித்த கழுத்துப்பட்டி மாதிரி தெரியுமே, அதுதான். லக் இல்லாமல், மூலையில் பித்தளையைத் தடிப்பாக வளைவாகப் படரவிடும் முறையும் உண்டு, ராவி மெருகேற்றினால் குழாய்கள் களிமண்ணில் பிடித்தது போல ஒன்றோடொன்று கலந்து தெரியும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்கன் வாயு மூடலில் டங்ஸ்டன் முனையால் செய்யும் 'டிக்' வெல்டிங்கிலும் மிக நல்ல பிரேம்கள் வருகின்றன. மெல்லிய குழாய்க்கு ஏற்ற, நுணுக்கமான வெல்டிங் அது. லக் பார்த்து மயங்கி, டிக் என்றால் மட்டம் என்று பேசுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். லக் அழகு, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அழகுக்காக மற்றவனை மட்டம் தட்டக் கூடாது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க ஒன்றே ஒன்று போதும்: வெல்டிங்கில் குழாய் உருகும், பற்றாசில் குழாய் உருகாது.

என் சைக்கிள் ஏன் பக்கத்தில் முறிந்தது

ஒரு கம்பியைக் குறடால் இறுக்கிப் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தால் எங்கே முறியும்? குறடு பிடித்த இடத்தின் ஓரத்தில். தடித்ததும் மெல்லியதும் சந்திக்கும் இடத்தில்தான் வளைவு முழுவதும் வந்து சேர்கிறது. என் குழாயில் அந்தப் பட்டறையின் குச்சி வெல்டிங் ஒரு பெரிய கட்டியைப் போட்டிருந்தது, அது குறடு. போதாததற்கு அந்தக் கடும் சூடு பக்கத்துக் குழாயின் உள் அமைப்பையே மாற்றியிருந்தது. உருகாத, ஆனால் சூட்டால் குணம் மாறிய அந்த ஓரத்தை 'வெப்பம் தாக்கிய வலயம்' என்பார்கள். ஒவ்வொரு குழியிலும் அந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து, ஆறு வாரத்தில் களைத்துவிட்டது. கேட் அசையாமல் நிற்கும், அதன் குழாயும் தடிப்பு, அங்கே இது பிரச்சினையே இல்லை. வெல்டிங் அடித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டுக்குரிய வைத்தியத்தைச் சைக்கிளுக்குக் கேட்டது நான்.

பற்றாசிலும் சூடு கூடினால் கெடுதிதான். அதனால் சூட்டை நிறத்தால் படிக்கப் பழக வேண்டும். வெள்ளிக்கு மங்கலான சிவப்பு போதும், பித்தளைக்குச் செம்மஞ்சளை நெருங்க வேண்டும், அதைத் தாண்டி வெளிறினால் நிறுத்திவிட வேண்டும். நல்ல வெயிலில் இந்த நிறங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. கொட்டகலைப் பக்கம் பின்னேரம் மூடுபனி இறங்கியதும் எனக்கு வேலை செய்யத் தோதான வெளிச்சம். ஊரே காலநிலையைத் திட்டும்போது நான் டோர்ச்சைப் பற்றவைப்பேன்.

சூட்டுக்கு இன்னொரு குறும்பும் உண்டு. அப்பளத்தை நெருப்பில் காட்டினால் சுட்ட பக்கம் சுருங்கி வளையும். குழாயும் அப்படியே, ஒரு பக்கம் மட்டும் சூடாகி ஆறினால் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நேராகப் பிடிக்க 'ஜிக்' என்ற சட்டம் வைத்திருப்பார்கள், ஆனாலும் சட்டத்தை விட்டுக் கழற்றியதும் குழாய் தன் இஷ்டப்படி திரும்பிக்கொள்ளலாம். ஆகவே முதலில் நாலைந்து இடத்தில் பொட்டு வைத்துப் பிடித்து, அளந்து, பிறகு ஒரு மூட்டில் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்வார்கள். எந்த மூட்டை முதலில், எதைக் கடைசியில் என்ற வரிசை ஒவ்வொரு கைவினைஞருக்கும் ஒவ்வொரு மாதிரி, சிலர் அதைச் சமையல் இரகசியம் போல வைத்திருப்பார்கள்.

சின்னத் துவாரங்களும் விடுவார்கள். மூடிய குழாயைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து, உருகிய பற்றாசை வெளியே தள்ளும், அதற்கு ஒரு வழி வேண்டும். எங்கள் மழைக்கு இதே துவாரத்தால் தண்ணீர் உள்ளே போய்த் தேங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டீல் பிரேம் எங்கள் ஊரில் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். வருஷம் ஒருமுறை சீட்டுத் தண்டைக் கழற்றி, பிரேமைக் கவிழ்த்துக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுற்றிவிட்டால் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறையில் டோர்ச் மூட்ட வேண்டாம். ஃப்ளக்ஸ் புகை நுரையீரலுக்கு ஆகாது, பழைய வெள்ளிப் பற்றாசுக் கம்பிகளில் கட்மியம் இருக்கும், அது விஷம்.

நூல் ஒன்று போதும்

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய பட்டறைகளில் தட்டையான கனத்த மேசை இருக்கும். நமக்கு ஒரு தையல் நூல் போதும், பழைய சைக்கிள் வாங்கும்போதும் இது உதவும். பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சு உட்காரும் இடது பக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, வலது பக்கப் பிளவுக்கு இழுத்து இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட்டுக் குழாயின் இரண்டு பக்கமும் நூல் போகும். நூலுக்கும் குழாய்க்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரே அளவு என்றால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் நேர் கோட்டில் வரும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போனால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கையை விட்டு ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

என் முதல் பிரேமில் மூட்டுகள் எல்லாம் அழகாக வந்திருந்தன, பித்தளை தேன் மாதிரி ஓடியிருந்தது, மூன்று பேருக்குக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன். பிறகுதான் நூலைக் கட்டினேன். இடது பக்கம் 31 மில்லிமீற்றர், வலது பக்கம் 27. பின்வாசலில் இரண்டு கல்லுக்கு நடுவே அதை நட்டு வைத்திருக்கிறோம், அம்மா துணி காயப்போடுகிறார்.